காப்பு கட்டிய கம்ப்யூட்டர்

கண் டாக்டரின் கிளினிக் வாசலில் அன்று கூட்டம். நோயாளிகள் அல்ல, டாக்டர்கள். குழந்தை டாக்டர், எலும்பு டாக்டர், தோல் டாக்டர், ரத்தப் பரிசோதனைக்கூடத்துக்காரர். பிறரை மணிக்கணக்கில் உட்காரவைத்துப் பழகியவர்கள் தாங்களே வரிசையில் நின்றார்கள். ஒருவர் கையில் மடிக்கணினி, இன்னொருவர் கையில் அதன் சார்ஜர். ஒன்றும் கிடைக்காதவர் ஒரு மவுஸையாவது கொண்டுவந்திருந்தார். குழந்தை டாக்டர் தன் பிரின்டரைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே அலைஞானி வந்திருந்தார்.

விஞ்ஞானி தெரியும், மெய்ஞ்ஞானி தெரியும். இவர் அலைஞானி. கம்ப்யூட்டரைத் தொடாமலே குணப்படுத்துபவர். நூலில் கட்டிய ஒரு செப்புக் குண்டை அதன் தலைக்கு மேல் தொங்கவிடுவார். குண்டு ஆடும். கையில் தொங்கும் குண்டு ஆடாமல் வேறென்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடும். "தீய அலை" என்பார். மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்வார். எல்லோரும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடவேண்டும். மறுபடி சுவிட்சைப் போட்டால் கம்ப்யூட்டர் எழுந்துவிடும். இதற்கு அவர் வைத்த பெயர் மறுஜென்மம்.

இதே மறுஜென்மத்தை, மூச்சு இழுப்பது நீங்கலாக, கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரர் போனிலேயே சொல்லிவந்தார். "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க சார்." அவரை யாரும் மதிக்கவில்லை. அவரிடம் செப்பு இல்லை.

வரிசையின் கடைசியில் பல் டாக்டரம்மா நின்றார். அன்று காலைதான் ஒரு நோயாளியைக் கடிந்துகொண்டிருந்தார். பல்வலிக்கு யாரோ சொன்னார்கள் என்று பெட்ரோலில் வாய் கொப்பளித்திருந்தான் அவன். "யார் எதைச் சொன்னாலும் நம்பிடுவீங்களா? படிச்சவர்தானே நீங்க?" என்று நன்றாகக் கேட்டுவிட்டு, கையைக் கழுவி, கிளினிக்கைப் பூட்டிவிட்டு, இங்கே வந்து நின்றுவிட்டார்.

அவர் தொல்லை அவருக்கு. கம்ப்யூட்டர் தினமும் திடீர் திடீரென்று கறுத்துப்போனது. நோயாளியின் பெயரைப் பாதி அடித்திருக்கும்போது போகும். எக்ஸ்ரே படத்தைப் பெரிதாக்கும்போது போகும். "மேடம், மறுபடியும் கண்ணை மூடிருச்சு" என்று வரவேற்பில் இருக்கும் பெண் குரல் கொடுப்பாள்.

மறுநாளே ஞானி டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு வந்தார். குண்டைத் தொங்கவிட்டார். குண்டு ஆடியது.

"டாக்டரம்மா, அந்த மூலையில சூடான அலை ஒண்ணு இருக்கு."

டாக்டரம்மாவுக்குச் சிலிர்த்தது. அந்த மூலையில் இருந்தது பல் கருவிகளை வேகவைக்கும் ஸ்டெரிலைசர். சூடாகத்தான் இருந்தது. ஆவிகூட வந்துகொண்டிருந்தது. இருந்தாலும், அந்த மனிதர் எப்படித்தான் கண்டுபிடித்தாரோ!

ஞானியின் பார்வை மேசைமேல் இருந்த கறுப்புப் பொருளுக்குப் போனது. "இது என்னம்மா?"

"பேக்கப் டிஸ்க். தினம் சாயங்காலம் சொருகி எல்லாத்தையும் நகல் எடுத்து வெச்சுக்குவோம்."

"பேக்கப்பு." ஞானி அந்தச் சொல்லை மென்றார். "பே–காப்பு. பேர்க்காப்பு. நம்ம தமிழ்ச் சொல்லும்மா! வெளிநாட்டுக்காரன் வாய்ல போய் பேக்கப்பு ஆயிடுச்சு. காப்புன்னா கட்டணும். நீங்க சொருகறீங்களே, எப்படி நிக்கும்?"

தமிழ் என்று சொன்னதும் டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்லூரியில் படித்த இயற்பியல் அந்த இடத்திலேயே உயிரை விட்டது.

ஞானி டிஸ்க்கை எடுத்துக்கொண்டு தனியே உள்ளறைக்குப் போனார். அலை கலைந்துவிடும் என்பதால் யாரும் கூட வரக்கூடாது. திரும்பி வந்தபோது கையில் செப்புத் தகட்டால் சுற்றி ஒட்டிய ஒரு பெட்டி இருந்தது.

"இனிமே தினம் சொருகற வேலை இல்ல. அலை வழியா தானா வந்து சேந்துக்கும்."

"தானாவா?"

"உங்க போன்ல போட்டோ எந்தக் கம்பி வழியா வருது?"

டாக்டரம்மா யோசித்துப் பார்த்தார். உண்மைதான், கம்பி இல்லை. தலையாட்டினார்.

"திறக்க மட்டும் கூடாது. திறந்தா காப்பு அவிழ்ந்துடும்."

பல் டாக்டர்களிடம் ஒரு பலவீனம் உண்டு. கருவிகளை உறையில் போட்டு ஒட்டி ஆவியில் வேகவைப்பார்கள். நோயாளி நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் கிழிப்பார்கள். ஒட்டியிருந்தால் சுத்தம், திறந்தால் போச்சு. அதனால் 'திறக்கக் கூடாது' என்பது டாக்டரம்மாவின் காதில் பாடப்புத்தகம்போலக் கேட்டது. உறையில் ஒரு சின்னப் பட்டை இருக்கும். நன்றாக வெந்தால் அது நிறம் மாறும். அதைப் பார்த்த பிறகுதான் நம்புவார்கள். பெட்டியில் அப்படி ஒரு பட்டை எங்கே என்று அவர் தேடவில்லை.

கம்ப்யூட்டரின் தலையில் ஒரு செப்புத் தட்டும் ஏறியது. 'அப்டேட்' என்று திரையில் கேட்டால் 'பிறகு' என்று அழுத்தும்படியும் ஞானி சொன்னார். டாக்டரம்மா அதைப் பல வருஷமாகச் செய்துவந்தார். அந்த விஷயத்தில் அவர் ஏற்கெனவே ஞானம் பெற்றவர்.

அதன் பிறகும் கம்ப்யூட்டர் நின்றது. நின்றால் அலையின் கெடுதல், ஓடினால் ஞானியின் கருணை. கணக்கு எப்போதும் சரியாக வந்தது.

மாதங்கள் போயின. ஒருநாள் நாத்தனார் பல்வலி என்று வந்து சேர்ந்தாள். கணவரின் தங்கை. கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட்களைச் சோதிக்கும் வேலை. எந்த லிஃப்டின் பிரேக்கையும் பிடித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். வீட்டில் அண்ணி வைக்கும் குழம்பையும் அப்படியே.

நாற்காலியில் சாய்ந்ததுமே ஆரம்பித்தாள்.

"அண்ணி, கம்ப்யூட்டர் தலைல என்ன தட்டு? சாப்பாடு போடப் போறீங்களா?"

"வாயைத் திற."

நாத்தனாரை மடக்க உலகத்தில் டாக்டரம்மாவுக்கு இருந்த ஒரே ஆயுதம் இது. ஊசியைப் போட்டுப் பஞ்சை அடைத்தார். நிம்மதியாக வேலையை ஆரம்பித்தார். வரவேற்புப் பெண் வந்து ஸ்டெரிலைசரைப் போட்டாள். திரை கறுத்தது.

"ம்ம்ம்! ம்ம்ம்!" நாத்தனார் விரலை நீட்டினாள்.

"வலிக்குதா?"

அவள் பஞ்சைத் தானே பிடுங்கித் துப்பினாள். "அந்தச் சட்டியைப் போட்டதும் நின்னுச்சு!"

"அது சட்டி இல்ல, ஸ்டெரிலைசர். நின்னது அலையால."

"ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல சொருகி வெச்சிருக்கீங்களே அண்ணி! அது அவ்வளவு கரன்டை இழுத்தா இது என்ன பண்ணும்? லிஃப்ட் நடுவுல நின்னா நாங்களும் அலைன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடலாம் போலிருக்கே. ஏம்மா, அதை அணைச்சிட்டு மறுபடி போடு."

வரவேற்புப் பெண் போட்டாள். அப்போதுதான் எழுந்த கம்ப்யூட்டர் படுத்தது. செப்புத் தட்டு அசையாமல் அதன் தலையில் உட்கார்ந்திருந்தது.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவை படுத்தது. ஸ்டெரிலைசரை வேறு பிளக்குக்கு மாற்றினார்கள். கம்ப்யூட்டர் எழுந்திருக்கும் என்று மூவரும் திரையையே பார்த்தார்கள். எழவில்லை. உள்ளே 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்து, அதுவும் ஓய்ந்தது.

"கொன்னுட்டியேடி!"

"கடைசியா அமுக்கச் சொன்னது நான்தான். தினம் தினம் கழுத்தை நெரிச்சது நீங்க."

டாக்டரம்மாவுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. வாசலில் பஸ் டிரைவரும் அவர் மனைவியும் வந்து நின்றார்கள்.

டிரைவரின் கீழ்த்தாடையில், ஒரு கடைவாய்ப்பல்லுக்கு அடியில், போன தடவை எக்ஸ்ரேயில் சிறு நிழல் ஒன்று தெரிந்திருந்தது. அது அப்படியே இருந்தால் பயமில்லை. வளர்ந்திருந்தால் தாடையைத் திறந்து சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பவேண்டும். அது என்ன நோயாக இருக்கலாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூவருக்கும் தெரியும். இன்று புதுப் படம் எடுத்துப் பழையதோடு ஒப்பிடவேண்டும்.

அலமாரியில் பழைய பிலிம் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் புதுப் படம் எடுத்தாகிவிட்டது. நிழல் இருந்தது. பழைய படம் செத்த கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

"வளந்திருக்கா டாக்டரம்மா?" என்றாள் மனைவி.

"ஒரு நிமிஷம்மா. எங்ககிட்ட காப்பு இருக்கு."

பக்கத்துக் கிளினிக்கில் இருந்த ஞானியை வரவேற்புப் பெண் கூட்டிவந்தாள். பின்னாலேயே கண் டாக்டரும் மற்ற டாக்டர்களும் வந்தார்கள்.

"ஐயா, பெட்டிலேருந்து ஒரே ஒரு படம் வேணும்."

"படமா?" ஞானி சிரித்தார். "டாக்டரம்மா, காப்பு காப்பாத்தறதுக்கு. எடுக்கறதுக்கு இல்ல."

"எடுக்க முடியாத காப்பு யாரைக் காப்பாத்துமாம்?" என்றாள் நாத்தனார். ஒரு கன்னம் மரத்திருந்ததால் சொற்கள் வழுக்கின. கேள்வி வழுக்கவில்லை.

"அவசரப்படாதீங்கம்மா. என் பெட்டி எவ்வளவு பத்திரமா இருக்கு தெரியுமா?" என்றார் கண் டாக்டர்.

"திறந்து பாத்தீங்களா?"

"திறக்காததாலதான் பத்திரமா இருக்கு."

எலும்பு டாக்டர் ஆமோதித்தார். குழந்தை டாக்டர் "கரெக்ட்" என்றார். அத்தனை பேரின் பட்டங்களையும் கோத்தால் சுவர் கொள்ளாது.

டிரைவரின் மனைவி அவர்களையெல்லாம் பார்க்கவில்லை. டாக்டரம்மாவை மட்டும் பார்த்தாள். "அந்தப் படம் இருக்கா, இல்லையாம்மா? அதை மட்டும் சொல்லுங்க."

தெரியாது என்பதுதான் உண்மையான பதில். இத்தனை மாதங்களில் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. டாக்டரம்மா கடைவாய்ப்பல் பிடுங்கும் குறடை எடுத்தார். தகட்டின் ஓரத்தைக் கவ்வி இழுத்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. நடுவில் வெள்ளையாக, வழவழப்பாக ஏதோ தெரிந்தது. பழக்கதோஷத்தில் பல் என்று நினைத்துவிட்டார். குளியலறைச் சுவரில் பதிக்கும் ஓட்டின் துண்டு அது.

கூட்டம் வாயடைத்தது. ஞானிக்கு அடைக்கவில்லை. "பாத்தீங்களா? சொன்னேனே! திறந்ததும் ஓடாயிடுச்சு!"

நம்புவீர்களோ மாட்டீர்களோ, "அட, ஆமாம்ல" என்று ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று சொன்னால் அவரிடம் நாளைக்கு நீங்கள் எலும்பைக் காட்டமாட்டீர்கள்.

"சரி," என்றாள் நாத்தனார். "கண் டாக்டர் பெட்டியையும் திறப்போம். அதுவும் ஓடாகுதான்னு பாப்போம்."

"அதெல்லாம் வேண்டாம்மா," என்றார் ஞானி. முதல்முறையாக வாசலைத் திரும்பிப் பார்த்தார். எலும்பு டாக்டர் வாசலை அடைத்து நின்றார். அவருக்கும் வீட்டில் ஒரு பெட்டி இருந்தது.

கண் டாக்டரிடம் சொந்த டிஸ்க் கிடையாது. 'பிறவியிலேயே காப்புள்ள வட்டு' என்று ஞானியிடமே பெட்டியோடு வாங்கியிருந்தார். அதைக் கொண்டுவந்து அவரே பிரித்தார். அது ஓடாகவில்லை. கறுப்பு டிஸ்க்காகவே இருந்தது. அதன் முதுகில் சிரிக்கும் பல் படம் ஒன்று ஒட்டியிருந்தது. வரவேற்புப் பெண் ஒட்டியது.

"மேடம், இது நம்ம பல்லு!" என்றாள்.

எலும்பு டாக்டர் ஞானியின் தோளில் கையை வைத்து நாற்காலியில் உட்காரவைத்தார். மற்றவர்கள் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் தெரு முழுவதும் தகடு கிழிபடும் சத்தம் கேட்டது.

கண் டாக்டரின் மடிக்கணினியில் டிஸ்க்கைச் சொருகினார்கள். ஆறு வருஷத்துப் பற்கள் வரிசையாக வந்தன. பெட்டிக்குள் போன நாள்வரை எல்லாம் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அலை வழியாக ஒரு சொத்தைப் பல்கூட வந்து சேரவில்லை. டிரைவரின் படம் அதற்குப் பிறகு எடுத்தது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "உங்க படம் இல்லம்மா. போயிடுச்சு. தப்பு கம்ப்யூட்டரோடது இல்ல, என்னோடது. ஒப்பிட்டுப் பாக்க முடியலைன்னா, வெட்டித்தான் பாக்கணும்."

டிரைவர் தாடையைத் தடவிக்கொண்டு கீழே பார்த்தார். மனைவி தயங்கினாள்.

"போன தடவை திரைல காட்டினீங்கல்ல, அப்ப நான் போன்ல ஒரு போட்டோ எடுத்தேன். உங்ககிட்ட கேக்காம எடுத்துட்டேன். அது ஆகுமா பாருங்க."

படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஓரத்தில் டாக்டரம்மாவின் விரலே நிழலைச் சுட்டிக்கொண்டு நின்றது. அவர் புதுப் பிலிமை விளக்கில் பிடித்தார். பக்கத்து வேரின் அகலத்தோடு நிழலை ஒப்பிட்டார். போனில் பார்த்தார், பிலிமில் பார்த்தார். நாத்தனாரையும் கூப்பிட்டு, தன் கணிப்பைச் சொல்லாமல், அளக்கச் சொன்னார். இருவரும் ஒரே பதிலுக்கு வந்தார்கள்.

"வளரல," என்றார் டாக்டரம்மா. "போன் படம்தான், கச்சிதம்னு சொல்லமாட்டேன். ஆனா பக்கத்து வேரை வெச்சுப் பாத்தா அப்படியேதான் இருக்கு. இப்ப வெட்ட வேண்டாம். சீக்கிரமே இன்னொரு படம் எடுப்போம்."

டிரைவர் தாடையிலிருந்து கையை எடுத்தார்.

"இந்த போன் தொலைஞ்சாலும் பரவால்லைங்க," என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என் தம்பிக்கு ஒண்ணு அனுப்பியிருக்கேன். அக்காவுக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் திறந்து பாத்துட்டுத் திட்டினாங்க, ஏன் இவ்வளவு நாள் சொல்லலைன்னு."

"உங்களுக்கு யாரும்மா இப்படிச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல. பயமா இருந்துச்சு. பயந்தா நாலு பேருகிட்ட காட்டத் தோணும்ல?"

டாக்டரம்மாவுக்கும் பயம்தான். ஆனால் படித்த பயம். அது யாரிடமும் காட்டாது. பூட்டி வைக்கும், ஒட்டி வைக்கும், தலையில் தட்டு வைக்கும்.

ஆகவே, பட்டம் வாங்கிய பெருமக்களே, எதையும் யாரிடமும் வாங்கிக்கொள்ளுங்கள். 'திறந்து பார்க்கக் கூடாது' என்று ஒருவன் சொன்னால் மட்டும், வேறு எதையும் செய்வதற்கு முன்னால் அதைத் திறந்துவிடுங்கள். அவன் எதிரிலேயே.