வாளிக்குக் குடை பிடித்தவர்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே தன் வழுக்கைத் தலையை வெயிலில் காயவிட்டு, ஒரு வாளிக்குக் குடை பிடித்தபடி சைக்கிள் ஓடிய ஒரே மனிதர் எங்கள் கிருமி அண்ணைதான். பலாலி வீதியில் பஸ்காரர்களே வேகத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இரண்டு வருடம் நானும் அவரும் ஒரே அறை. எனக்குக் கந்தோரில் கோப்புப் புரட்டும் வேலை. அவரோ நாற்பது வயதில் மண் ஆராய்ச்சி மாணவர். எங்கள் செம்மண்ணில் இருக்கிற பொசுபரசுச் சத்தைச் சுண்ணாம்பு பூட்டி வைத்திருக்கிறதாம், பயிருக்குக் கொடுக்காதாம். அந்தப் பூட்டைத் திறக்கிற பக்டீரியாவை அவர் வளர்த்தார். எங்கே? வீட்டுக்கார அம்மாவின் பிரிட்ஜில், தயிர்ச்சட்டிக்குப் பக்கத்தில்.

"தம்பி, என்ரை ஆக்கள் மேல்தட்டிலை இருக்கினம். கதவை அடிச்சுச் சாத்தாதையும்."

சோள விதையில் அவர்களை ஒட்டவைக்கக் கஞ்சி காய்ச்சுவார். சூடு பட்டால் செத்துவிடுவார்களென்று ஆறும்வரை விசிறுவார்; பிறகு ஆக்களைக் கலந்து வாளியில் கொண்டுபோகும்போது குடை பிடிப்பதும் அதற்குத்தான். ஒருநாள் பசியில் அந்தக் கஞ்சியில் ஒரு கோப்பை குடித்துவிட்டேன்.

"ஐயோ அண்ணை, ஆக்களைக் கலந்திட்டியளோ?"

"ஓம்." என் வயிற்றைக் கவலையோடு பார்த்தார். "உதுக்குள்ளை அவையள் என்ன பாடுபடுகினமோ!"

உரம் கிடைக்காத காலம் அது. சுன்னாகத்துப் பக்கம் மங்கையக்கா என்ற கமக்காரி அவருக்குத் தோட்டத்தில் ஒரு துண்டு கொடுத்தார். பாதி நிரைகளுக்குப் பக்டீரியா பூசிய விதை, மீதிக்கு வெறும் விதை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து எழுதினால்தான் அவருக்குப் பட்டம். விதைத்து முடிந்ததும், மிஞ்சிய கஞ்சியை வாளியோடு வேலி நிழலில் வைத்துவிட்டு வந்தோம்.

அளக்கிற நாள் போனால், எல்லா நிரையும் ஒரே உயரம்! எது பூசியது, எது பூசாதது என்று கடவுளுக்கே தெரியாது. அண்ணை அளவு நாடாவோடு வரம்பில் குந்திவிட்டார்.

மங்கையக்கா மெல்ல வந்தார். "தம்பி, கோவியாதையுங்கோ. உந்தப் பக்கத்து நிரையெல்லாம் சத்தில்லாமல் இலை ஊதாவாப் போச்சுது. வாளியிலை கிடந்ததைக் கரைச்சு நான்தான் ஊத்தினனான். பந்தியிலை இருத்திப்போட்டு அரைவாசிப் பேருக்குச் சோறு போடாமல் விடலாமே?"

ஒரு போகம் முழுக்க வீண். அண்ணை வெடிக்கப் போகிறார் என்று நான் இரண்டடி பின்னுக்கு நகர்ந்தேன். அவர் சோளத்தை அண்ணாந்து பார்த்தார்.

"என்ரை ஆக்கள் நல்லா வேலை செய்திருக்கினம், என்னக்கா?"

அடுத்த போகம் வேறு துண்டு நிலம். மங்கையக்கா வாளியைத் தொட்டுவிடாதபடி காவல் நிற்பது என் ஞாயிற்றுக்கிழமை உத்தியோகம். இந்தமுறை வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. பூசிய நிரை என் தலைக்கு மேல், பூசாதது நெஞ்சுக்குக் கீழ். பட்டம் நிச்சயம்.

அளந்து முடித்த அதே மத்தியானம், உச்சி வெயிலில், அண்ணை வாளியில் மிஞ்சியதைக் கரைத்து அந்தச் சவலை நிரைகளுக்கு ஒவ்வொன்றாக ஊற்றத் தொடங்கினார்.

"முத்தின பயிருக்கு இனி ஊத்தி என்ன பிரயோசனம், அண்ணை?"

"ஒண்டுமில்லைத்தான். எண்டாலும் பாவங்கள், எனக்காகப் பட்டினி கிடந்ததுகள்."

சைக்கிளில் இருந்த குடையை எடுத்து விரித்தேன். அவர் வழக்கம்போல வாளியைக் காட்டினார். நான் அவர் தலைக்குப் பிடித்துக்கொண்டு, கடைசி நிரை வரைக்கும் கூடவே நடந்தேன்.