ஒரு மீனும் குளத்து ஃபில்டரும்

எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால்தான் எனக்குத் திருப்தி. பள்ளிக்கூட யூனிஃபார்மில் தொடங்கிய வியாதி இது. (வளர்ற பையன், பெருசாவே தைங்க என்று அம்மா டெய்லரிடம் சொன்னது மண்டையில் தங்கிவிட்டது.) அந்த வியாதியோடுதான் மீன் தொட்டித் தண்ணீரைச் சுத்தப்படுத்த ஃபில்டர் வாங்கக் கிளம்பினேன்.

ஏழாவது பிறந்தநாளுக்கு என் மகள் நிலா கேட்டது ஒரே ஒரு மீன். நீல நிறம், சுண்டுவிரல் நீளம். அதற்குப் பத்து கேலன் தொட்டி. "இதுக்குச் சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும்" என்று என் மனைவி கவிதா சொன்னாள். மூன்று வாரம் ரிவ்யூ படித்தவன் கேட்பேனா? தோட்டத்துக் குளத்துக்குப் போடுகிற ஃபில்டரை ஆர்டர் பண்ணினேன். டெலிவரிக்காரர் அதைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்தார்.

எனக்கு வேறொரு கணக்கும் இருந்தது. மாமனார் ஈரோட்டிலிருந்து முதல் தடவையாக அமெரிக்காவுக்கு, நாங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோவுக்கு வந்திருந்தார். முனிசிபாலிட்டியில் தண்ணீர் சப்ளை இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் பேசியதெல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். தண்ணீரை வைத்தாவது அவரை அசத்திவிட நினைத்தேன்.

பிறந்தநாளன்று ஹால் நிறைய நண்பர்கள். கேக் வெட்டுமுன் ஃபில்டர் திறப்பு விழா. மீன், பிளாஸ்டிக் பையோடு நிலா கையில் காத்திருந்தது. மாமனார் பட்டு வேட்டியில் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"மோட்டார் கொஞ்சம் பெருசா இருக்கறாப்புல தெரியுதுங்களே மாப்பிள்ளை" என்றார்.

"பெருசா இருந்தா தண்ணி இன்னும் சுத்தமாகும் மாமா" என்று விளக்கினேன். (யாருக்கு விளக்குகிறோம் என்ற விவஸ்தையே இல்லாமல்.)

போனில் ஃபில்டரை ஓட்டுகிற ஆப்பைத் தட்டினேன். தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி விடுகிற குழாயைக் கிளிப் போட்டு மாட்ட மறந்திருந்தேன். அது விருட்டென்று எழுந்தது, ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தது, மாமனாரைத் தேர்ந்தெடுத்தது. நெற்றி விபூதி முதல் வேட்டிக் கரைவரை எதையும் விடவில்லை. மிச்சம் கேக்குக்குப் போனது. ஆஃப் பண்ணப் போனால் ஆப் பாஸ்வேர்டு கேட்டது. மூன்றாவது தடவையும் நான் தப்பாகப் போடுவதற்குள் கவிதா ப்ளக்கைப் பிடுங்கிவிட்டாள். தொட்டியில் ஒரு டம்ளர் தண்ணீர் மீதியிருந்தது.

"தாத்தா, ஆர் யூ ஓகே?" என்றாள் நிலா.

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். துடைப்பதற்கு அவர் மேல் காய்ந்த துணி எதுவும் இல்லாததால் அப்படியே மாட்டிக்கொண்டார்.

"பிரஷர் நல்லா வருதுங்க மாப்பிள்ளை" என்றார்.

சொல்லிவிட்டு முதலில் சிரித்தவரும் அவர்தான். அவர் அப்படிக் குலுங்கிச் சிரித்து கவிதாவே பார்த்ததில்லையாம். பிறகு ஹாலே சிரித்தது. கேக்கில் நனையாத ஓரத்தைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். மறுநாள் மாமனாரும் கவிதாவும் கடைக்குப் போய் உள்ளங்கை அளவில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கி வந்தார்கள். மீன் இன்றும் சௌக்கியம்.

போன வருஷம் ஈரோட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர், முன்பின் தெரியாதவர், என்னை உற்றுப் பார்த்தார்.

"மாமனாரைக் குளிக்க வெச்ச அமெரிக்க மாப்பிள்ளை நீங்கதானுங்களா?"

ஆமாம் என்றேன். அவர் பரிமாறுகிறவரிடம் திரும்பினார்.

"இவருக்குத் தண்ணியை நீங்களே ஊத்திருங்க. சொம்பை மட்டும் கையில குடுத்தறாதீங்க."