நடு ஸ்பீக்கர் விஷயமாக மச்சானுக்கு

துலூத், மார்ச் 9

மதிப்பிற்குரிய மச்சான் வெர்னர் அவர்களுக்கு எல்வுட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் ரிசீவரும் நலம். அங்கே தாங்களும், ஒன்பது நாளாகத் தங்கள் வீட்டில் கோபித்துக்கொண்டிருக்கும் தங்கள் தங்கை மார்லிஸும் நலமா?

அவளைத் திருப்பி அனுப்பிவைக்க வேண்டும். தவறு என்னுடையது. இன்று காலைதான் தெரிந்தது.

முப்பத்தொரு வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். டி.வி. சத்தத்தை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்தனுப்பும் இந்த ரிசீவருக்கு எத்தனை ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கர் பொருந்தும் என்று மூன்று வாரம் கணக்குப் போட்டு இரண்டு வாங்கி மாட்டினேன். அன்றிலிருந்து எட்டு மாதமாகப் படம் போட்டால் மார்லிஸ் ஒரே புகார். "மழை கேக்குது, கார் கதவு கேக்குது, மனுஷங்க பேசுறதுதான் கேக்கல" என்பாள். எனக்கும்தான் கேட்கவில்லை. ஆனால் ஓம் கணக்குப் போட்டவன் அதை எப்படிச் சொல்வது? "உனக்குப் பேச்சு மட்டும் கேக்காத வகைச் செவிடு" என்றேன். "அந்த வகை உங்களுக்குத்தான், முப்பத்தெட்டு வருஷமா" என்றாள். நான் விடாமல் காது டாக்டரிடம் இழுத்துப் போய், அவர் ஒன்றுமில்லை என்ற பிறகும் காது மிஷின் வாங்கி, சர்ச் விருந்தில் பாஸ்டரிடம் அவளிடம் கொஞ்சம் சத்தமாகப் பேசச் சொல்லி, அவர் கேசரோல் பாத்திரத்துக்கு மேலே குனிந்து கத்த, அன்று சாயங்காலமே அவள் பெட்டியைத் தூக்கிவிட்டாள்.

இன்று ரிசீவர் கம்பெனிக்குப் போன் செய்தேன்.

"எத்தனை ஸ்பீக்கர் சார்?" என்றாள் ஒரு பெண்.

"ரெண்டு."

"செட்டிங்ல எத்தனை இருக்கு?"

"அஞ்சு."

"நடு ஸ்பீக்கர் எங்க வச்சிருக்கீங்க?"

"அது இல்லையேம்மா."

"பேச்செல்லாம் அங்கதான் போய்க்கிட்டிருக்கு சார்."

உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதப் பேச்சு, மச்சான். இல்லாத ஸ்பீக்கருக்கு.

செட்டிங்கை இரண்டு ஸ்பீக்கர் என்று மாற்றிவிட்டேன். ஒவ்வொரு சொல்லும் மணி மணியாகக் கேட்கிறது. என் காதில் பழுதில்லை, அவள் காதிலும் பழுதில்லை என்று அவளிடம் தாங்களே எடுத்துச் சொல்லுங்கள். தங்கள் துணைவியாருக்கு என் அன்பு. தங்கள் குடும்பத்தைக் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
எல்வுட் ஹாகன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மார்லிஸே வந்துவிட்டாள். இருபத்தைந்து நிமிடம் காலிங் பெல் அடித்து, கதவைத் தட்டி, கடைசியில் பக்கத்து வீட்டு ஏணி வாங்கிச் சமையலறை ஜன்னல் வழியாக இறங்கினாள். "படம் ஓடிச்சு, அதான் கேக்கல" என்றேன். ரிசீவரைத் தொட்டுப் பார்த்தாள். ஓடினால் சுடும் பெட்டி, சில்லென்றிருந்தது. வியாழன் பத்து மணிக்குக் காது டாக்டர், என் பெயரில்.