எண்ணெய் குடித்த பியானோ

நல்லூர்,
26-10-1964

அன்புள்ள மாப்பிள்ளை சிவசுப்பிரமணியம் அவர்களுக்கு, மயில்சாமி வாத்தியார் எழுதுவது. இங்கே நான், உங்கள் அக்காள் மருதம்மாள், மகள் சுப்புலட்சுமி, பியானோ ஆகிய நால்வரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. உடுமலைப்பேட்டையில் நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன்; உங்கள் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்குகிறது.

கோயமுத்தூர் கான்வென்ட்டில் பியானோ கற்ற பிள்ளைக்கு அங்கேயே ஆசிரியை வேலை, விடுதியில்தான் தங்க வேண்டும் என்று கடிதம் வந்தபோது உங்களிடம் யோசனை கேட்டேன். "ஊட்டுலயே ஒண்ண வாங்கிப் போட்டுருங்க மச்சான். அப்புறம் புள்ள எங்கீங்க போகப்போகுது?" என்றீர்கள். எஸ்டேட் துரை சீமைக்குத் திரும்பும்போது விற்ற பியானோவைத் தேங்காய் லாரியில் ஏற்றியும் அனுப்பினீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கலாம். எட்டு ஆள் தூக்குகிற மிட்டாயை யாராவது கொடுப்பார்களா? அது வாசலில் நுழையவில்லை. நிலையைப் பெயர்க்க நல்ல நாள் பார்க்க வேண்டும் என்றாள் உங்கள் அக்காள். அதுவரை பியானோ வீதியில் நின்றது; பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் அதன்மேல் சாப்பாட்டுத் தூக்குப்போசியை வைத்தார்கள்.

உள்ளே வந்த பிறகு பிள்ளை வாசித்தாள். கான்வென்ட்டுக்குப் பதில் எழுதவில்லை. நானும் நினைவூட்டவில்லை. அப்படியே இருந்திருக்கலாம், ஆயுத பூசை வந்துவிட்டது. பக்கத்துப் பனியன் கம்பெனியில் மிசினுக்கெல்லாம் எண்ணெய் விட்டுப் பொட்டு வைத்த ஃபிட்டர் வேலுமணி, நானும் பிள்ளையும் கோயிலுக்குப் போயிருந்த நேரம் எண்ணெய்க் குப்பியோடு நம் வீட்டுக்கும் வந்திருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் பியானோவின் மூடி திறந்திருக்கிறது. உள்ளே கம்பி, கம்பியைத் தட்டும் சுத்தி, சுத்தியில் ஒட்டிய கம்பளி எல்லாம் எண்ணெய்.

"ஏனுங்க வாத்தியாரே, வருசத்துக்கு ஒருக்கா எண்ணெய் காட்டாட்டி எந்த மிசினுங்க ஓடும்? கம்பளியெல்லாம் வறண்டு கெடந்துச்சுங்க. நல்லாக் குடிச்சிருச்சு."

அவருக்குப் பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்த உங்கள் அக்காள், "கூடக் கொஞ்சம் ஊத்துங்கன்னு நாந்தாஞ் சொன்னேன்" என்றாள்.

சுப்புலட்சுமி ஒரு கட்டையை அழுத்தினாள். நனைந்த துணியைக் கல்லில் போட்ட சத்தம். இறங்கிய கட்டை மேலே வரவில்லை. அவள் கோபிக்கவில்லை, வேலுமணிக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். கோபித்திருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது.

ஆகவே லாரியோடு வந்து உங்கள் பியானோவை எடுத்துப் போங்கள். நிலையைப் பெயர்க்க நான் நாள் பார்க்கப்போவதில்லை. குழந்தைகளுக்கு என் ஆசிகள்; வயதில் சிறியவர் என்பதால் உங்களுக்கும்.

இப்படிக்கு,
க. மயில்சாமி

பி.கு. (27-10-1964): லாரி வேண்டாம். இன்று காலை பஸ்ஸில் சுப்புலட்சுமி கோயமுத்தூர் போய்விட்டாள். ஏறும்போது, "அதக் குடுத்தறாதீங்கப்பா. எண்ணெய் காஞ்சதும் வந்தர்றேன்" என்றாள். வேலுமணியிடம் கேட்டேன். "மிசின் எண்ணெய் காயவே காயாதுங்க சாமி, அதுதானுங்க அதோட கொணமே" என்றார்.