கணக்கு டீச்சர் மேல் வீட்டுக்கு வந்துவிட்டார்

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

உன் மூட்டுவலியும் உன் வீட்டுக்காரரின் இருமலும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உயிரைத்தான் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நம் இருவருக்கும் பாடம் எடுத்த அதே கணக்கு டீச்சர் எங்கள் மேல் வீட்டுக்குக் குடிவந்திருக்கிறார்.

முப்பத்தாறு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் தலைமை நர்ஸாக இருந்தவள் நான். அந்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் மனசு நிறைந்துபோகும். எண்ணி வைத்த கத்திரிக்கோலில் ஒன்று குறைந்தால், "தையல் போடாதீங்க, நில்லுங்க!" என்று பெரிய டாக்டரையே அதட்டுவேன்; அவரும் கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்பார். அப்பேர்ப்பட்ட நான், திங்கட்கிழமை படிக்கட்டில் அந்த முகத்தைப் பார்த்ததும் காய்கறிப் பையோடு ஓடிப்போய்த் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன், எழுபத்துநாலு வயசில்! உனக்குத் தெரியாததா? நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, அளவுகோல் எடுக்க உள்ளறைக்குப் போன டீச்சரை உள்ளே வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டது நான்தானே. அந்த முக்கால் மணி நேரம் நாங்கள் பெஞ்சுமேல் ஏறி ஆடியதும், ஐந்தாம் வகுப்பிலிருந்து நீ ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கைகொட்டியதும் நினைக்க நினைக்க இனிக்கிறது. ஆனால் வெளியே வந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அதற்கான தண்டனை இன்னும் பாக்கி இருக்கிறது.

புதன்கிழமை வீட்டுக்கே வந்துட்டாங்க. குரல் கேட்டதும் நான் குளியலறைக்குள் புகுந்து குழாயைத் திறந்துவிட்டேன்.

"அத்தை, உங்க டீச்சர் வந்திருக்காங்க" என்கிறாள் மருமகள்.

"நான் ஊர்லயே இல்லேன்னு சொல்லு!" என்று கத்தினேன். தெருமுனைவரை கேட்டிருக்கும்.

நான் அவரிடம் படித்தவள் என்று மருமகள் சொல்லிவைக்க, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு டீ குடிக்க வரச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். டீயாம்! பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்தேன், பாதியில் நின்றுபோச்சு.

"வயசானவங்க, பாவம், என்ன பண்ணிடப் போறாங்க?" என்று மருமகள் சிரிக்கிறாள். வயசானவங்களுக்குப் பழசுதானே நல்லா ஞாபகம் இருக்கும்! நீ உடனே கிளம்பி வா. நீ ஒழுங்காப் படிச்சவ, உன்னைப் பார்த்தாலாவது கோபம் தணியும்.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகள் நூறு வயசு இருக்கட்டும்.

இப்படிக்கு,
பதினேழாம் வாய்ப்பாட்டோடு,
உன் அக்கா.

பின்குறிப்பு: வர வேண்டாம். இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஞாயிறு வந்து, நானும் போய்வந்துவிட்டேன். கதவைத் திறந்தவர், "அடடே, சின்னவளா? வா, வா!" என்று என்னை நீ என்று நினைத்துக் கட்டிக்கொண்டார். நானும் சின்னவளாகவே உள்ளே போய் உட்கார்ந்தேன். டீயைக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க அக்கான்னா எனக்கு அவ்வளவு பயம். இருபத்திரண்டு வயசு, முதல் வேலை. அவ முறைச்சா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். ஒருநாள் உள்ள வச்சுத் தாழ்ப்பாள் போட்டா பாரு, அந்த வருஷம் பூரா அந்த முக்கால் மணி நேரம்தான் நான் நிம்மதியா இருந்தேன். இப்போ எங்க இருக்கா? இங்கெல்லாம் வந்துட மாட்டாளே?"

பாவம், கேட்கும்போதே வாசல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார். "ரொம்பத் தூரத்துல இருக்கா டீச்சர், வரமாட்டா" என்று சொல்லிவிட்டேன். தினமும் நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அதனால் இனி எனக்குக் கடிதம் போட்டால் உறைமேல் என் பெயருக்குப் பதில் உன் பெயரையே எழுது. இங்கே தபால் பெட்டி எல்லோருக்கும் பொது.