நாரைகளுக்கு ஒரு கேட்சர்

"நம்ம கேட்சர் லைன்ல இருக்கான். குழாய் ரிப்பேர் வேலைக்குப் போறானாம்" என்றாள் அலுவலக உதவியாளர் மார்லிஸ், தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு.

"போகட்டும். பனி உருகினா திரும்பி வருவான்" என்றார் நார்மன்.

"வரமாட்டானாம். மாமனார் கம்பெனியாம். நம்ம பிட்சருங்க போடற பந்தை விடக் குழாய்த் தண்ணி நேரா வருதுங்கறான்."

நார்மன் டெட்ஸ்லாஃப், ஹார்ட்லி ஃபால்ஸ் நாரைகள் என்ற பேஸ்பால் அணியின் மேனேஜர். ஆட்களைப் பிடிப்பது, மாற்றுவது, அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. போன வருடம் தொண்ணூற்றாறு ஆட்டத்தில் நாரைகள் எழுபத்தொன்றில் தோற்றிருந்தார்கள். எட்டு வருடமாக இதே நாற்காலி, எட்டு வருடமாக இதே கடைசி இடம். ஆனால் நவம்பர் பிறந்துவிட்டால் நார்மனைப் போல நம்பிக்கையான மனிதரை விஸ்கான்சின் மாநிலம் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. பனிக்காலத்தில் யாரும் தோற்பதில்லை அல்லவா?

இந்த முறை மட்டும் ஒரு சிக்கல். அணியின் முதலாளி ஓடகார்ட், சீஸ் தொழிற்சாலைக்காரர், அக்டோபரிலேயே சொல்லிவிட்டார். "மே மாசக் கடைசிக்குள்ள பாதி ஆட்டமாவது ஜெயிக்கணும் நார்மன். இல்லேன்னா மைதானத்தை இடிச்சுட்டு சீஸ் குடோன் கட்டிடுவேன். சீஸ் என்னைக்கும் தோத்ததில்லை."

"கேட்சர் போனது நல்லதுக்குத்தான்" என்று நார்மன் எழுந்து சோம்பல் முறித்தார். "அணியைப் புதுசாக் கட்டப்போறேன். பெல்மோருக்கு ஃபோன் போடு."

பெல்மோர் அணியில், பிட்சர் வீசும் பந்தைப் பிடிக்க ரிகோ அல்மோந்தே என்று ஒரு கேட்சர் இருந்தான். டொமினிகன் நாட்டுக்காரன், ஸ்பானிஷ் பேசுபவன். நார்மன் தன் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரனைக் கொடுத்துவிட்டு ரிகோவை வாங்கினார். ஜனவரியில் ரிகோ வந்து சேர்ந்தான். பனிக்காலம் முடியும்வரை சீஸ் தொழிற்சாலையில் வேலை, சாயங்காலம் பயிற்சி என்று ஏற்பாடு.

"பிரயாணமெல்லாம் எப்படி?" என்றார் நார்மன்.

"நோ ப்ராப்ளம்" என்று ரிகோ பளிச்சென்று சிரித்தான்.

"முட்டி வலி எதுவும் இல்லையே?"

"நோ ப்ராப்ளம்."

"இந்தக் குளிரு?"

"நோ ப்ராப்ளம்."

நார்மன் பூரித்துப்போனார். எட்டு வருடத்தில் பிரச்சினையே இல்லாத முதல் ஆட்டக்காரன்!

பயிற்சியாளர் கஸ் மூலையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். "தம்பி, உன் தலை தீப்பிடிச்சு எரியுது" என்றார்.

"நோ ப்ராப்ளம்" என்றான் ரிகோ.

"பாத்தியாய்யா?" என்று கஸ் நார்மனிடம் திரும்பினார். "அவனுக்குத் தெரிஞ்சதே அந்த ரெண்டு வார்த்தைதான். கேட்சர்தான் பிட்சருக்குக் கண்ணு. எவன் எந்தப் பந்தை அடிப்பான், எதை விடுவான்னு ரெண்டு பேரும் வாய்விட்டுப் பேசணும். நம்ம பிட்சருங்களுக்கு இங்கிலீஷே தகராறு. ஸ்பானிஷுக்கு எங்க போறது?"

நார்மன் அசரவில்லை. லீக்கில் ஆடும் எல்லாருடைய பெயரும் உள்ள பட்டியலை மேசையில் விரித்தார். ரிகோ குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே ஒரு பெயரின்மேல் விரலை வைத்தான். "அமீகோ" என்றான். ஸ்பானிஷில் நண்பன்.

வஸ்கார் பெகேரோ. சிம்ஸ் நகர அணியின் பிட்சர்.

"கேட்சருக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கறதை விட, ஸ்பானிஷ் பேசற பிட்சரைக் கொண்டாந்துட்டா வேலை முடிஞ்சுது" என்றார் நார்மன். "எப்படி என் யோசனை?"

"உன் யோசனையா? விரலை வெச்சது அவன்."

"விரல் யாரோடதா இருந்தா என்ன? பட்டியலை விரிச்சது யாரு?"

சிம்ஸ் நகரக்காரர்கள் வஸ்காருக்கு ஈடாக இரண்டு பிட்சர்களைக் கேட்டார்கள். நார்மன் கொடுத்தார்.

பிப்ரவரி முதல் வாரம், ஊர் உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் வஸ்கார் வந்து இறங்கினான். ஓங்குதாங்கான ஆள். நார்மனை விட நன்றாக ஆங்கிலம் பேசினான். எல்லாரிடமும் கை குலுக்கிக்கொண்டே வந்தவன், ரிகோவைப் பார்த்ததும் பையைத் தொப்பென்று கீழே போட்டான்.

"இவனா? இவன் முகத்துலயே முழிக்க மாட்டேன் சார்!"

"ஏம்ப்பா? அமீகோன்னு சொன்னானே!"

"அமீகோவா? என் தங்கச்சியைக் கூட்டிட்டு ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டவன் சார் இவன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. எங்கம்மா இன்னும் அழுதுட்டிருக்காங்க."

நார்மன் ரிகோவைப் பார்த்தார். ரிகோ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மிகவும் சோகமாக, "நோ ப்ராப்ளம்" என்றான்.

"சொந்த விஷயம் வேற, ஆட்டம் வேற" என்று நார்மன் இருவரையும் தட்டிக்கொடுத்துப் பந்து போடச் சொன்னார். வஸ்கார் எந்தப் பக்கம் போடப்போகிறான் என்று சொல்லவில்லை. ரிகோ கேட்கவும் இல்லை. ரிகோ இடப்பக்கம் கையை நீட்டினான். பந்து வலப்பக்கம் பறந்துபோய், பள்ளியின் கண்ணாடி அலமாரியை உடைத்து, உள்ளே இருந்த சதுரங்கக் கோப்பையைச் சப்பையாக்கியது. அந்தப் பள்ளி தன் வாழ்நாளில் ஜெயித்த ஒரே கோப்பை அது.

தலைமையாசிரியை எல்லாரையும் வெளியே அனுப்பினாள். இனிமேல் பயிற்சி சீஸ் தொழிற்சாலையின் வண்டி நிறுத்தும் இடத்தில்தான், பனியில்.

அன்று முதல் நார்மனே தூது போனார். வஸ்கார் சொல்வதை வாங்கிக்கொண்டு பனியில் ஓடிப்போய் ரிகோவிடம் கத்துவார். ரிகோ இரண்டு வார்த்தையில் பதில் சொல்வான். அதை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடி வருவார். இரண்டே நாளில் வழுக்கி விழுந்து இடுப்பில் பிளாஸ்திரி போட்டுக்கொண்டார்.

"யோவ், கேட்சர் இல்லாம இருந்தப்போ நமக்கு ஒரு பிரச்சினைதான் இருந்துது" என்றார் கஸ்.

"இப்பவும் ஒண்ணுதான். குடும்பச் சண்டை. தீத்து வெச்சுட்டாப் போச்சு."

மறுநாள் வஸ்காரே அலுவலகத்துக்கு வந்தான். முகத்தில் வருத்தம். "உங்களைப் பாத்தாப் பாவமா இருக்கு சார். நாங்க ரெண்டு பேரும் ஒரே ஒரு ஆள் சொன்னாக் கேப்போம். யூடிஸ்."

"யாரு, உங்க ஊர் பாதிரியாரா?"

"இல்ல சார். கென்லோ அணியில ஷார்ட்ஸ்டாப்."

நார்மன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். இடுப்பு வலித்ததால் மறுபடி உட்கார்ந்தார். யூடிஸ் லீக்கிலேயே சிறந்த ஷார்ட்ஸ்டாப். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் அவன் நின்றால் எறும்புகூடத் தாண்டிப் போகாது. சண்டையும் தீரும், ஆளும் கிடைப்பான்!

கென்லோ மேனேஜர் சாவகாசமாகப் பேசினார். "யூடிஸா? தரலாம். உங்க அவுட்ஃபீல்டர் ரெண்டு பேரு வேணும். அப்புறம் அந்த பஸ்."

"எந்த பஸ்?"

"உங்க அணி பஸ்தான். எங்களுது நடு ரோட்ல நின்னு போச்சு."

நார்மன் மூன்று விநாடி யோசித்தார். அவரைப் பொறுத்தவரை அது நீண்ட யோசனை.

அன்று சாயங்காலம் ஓடகார்டின் அறையில் சத்தம் தொழிற்சாலை வாசல்வரை கேட்டது.

"பஸ்ஸையா குடுத்தே?"

"எட்டு வருஷமா அந்த பஸ் நம்மளை வெளியூருக்குக் கூட்டிட்டுப் போச்சு, தோக்கடிச்சுக் கூட்டிட்டு வந்துது. ராசியில்லாத பஸ்."

"வெளியூர் ஆட்டத்துக்கு எதுல போவீங்க?"

"உங்க சீஸ் வண்டி சும்மாத்தானே நிக்குது?"

ஓடகார்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். "நார்மன், எனக்கு இப்பவே குடோனுக்குப் படம் வரைய ஆள் சொல்லணும் போல இருக்கு."

"சொல்லுங்க. மே மாசம் நான் அதைக் கிழிக்கறதைப் பாப்பீங்க."

ஏப்ரலில் யூடிஸ் வந்தான். ஒல்லியான ஆள், கண்ணில் குறும்பு. ரிகோவையும் வஸ்காரையும் உடைமாற்றும் அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நார்மனும் கஸ்ஸும் வெளியே காவல் நின்றார்கள். உள்ளே நாற்காலி இழுக்கும் சத்தம். பிறகு ஒரே சிரிப்பு. சுவரில் கையால் அடித்துக்கொண்டு சிரிக்கும் சத்தம்.

"சமாதானம் பேசறவங்க இப்படியாய்யா சிரிப்பாங்க?" என்றார் கஸ்.

"அவங்க ஊர்ல அழுகையை இப்படித்தான் அடக்குவாங்க போல" என்றார் நார்மன்.

கதவு திறந்தது. ரிகோவும் வஸ்காரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோளில் கைபோட்டபடி வெளியே வந்தார்கள். நார்மனுக்கும் கண் கலங்கிவிட்டது.

இப்போது அணியில் ஒரு கேட்சர், ஒரு பிட்சர், ஒரு ஷார்ட்ஸ்டாப் இருந்தார்கள். மூன்றாம் பேஸும், மைதானக் கோடியில் அவுட்ஃபீல்டர்கள் நிற்கும் இரண்டு இடமும் காலி. நார்மன் தயங்கவே இல்லை. ஊர்த் தபால்காரரை இடப்பக்கம் நிறுத்தினார். இருபது வருடம் நாய்களுக்கு முன்னால் ஓடிய கால் அது. நடுவில் தபால்காரரின் தம்பி. மூன்றாம் பேஸுக்குச் சீஸ் கட்டிகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் ஒரு தொழிலாளி.

"இதுக்குப் பேரு அணியா?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"நாரைகள்" என்றார் நார்மன்.

மே மாதம் பிறந்தது, ஆட்டங்கள் தொடங்கின. நாரைகள் ஜெயித்தார்கள்.

முதல் ஆட்டத்தை அதிர்ஷ்டம் என்றார்கள். ஐந்தாவதுக்குப் பிறகு யாரும் அப்படிச் சொல்லவில்லை. வஸ்கார் போடுவதற்கு முன்பே ரிகோவின் கை அங்கே காத்திருந்தது. அடித்த பந்து தரையைத் தொடுவதற்குள் யூடிஸ் அங்கே நின்றான். மூன்று பேருக்கும் ஒரே உடம்பு, ஆறு கை. அவர்களுக்கு நடுவில் தபால்காரர்கூட நல்ல ஆட்டக்காரராகத் தெரிந்தார். சீஸ் நாற்றத்தோடு வண்டியிலிருந்து இறங்கும் நாரைகளைப் பார்த்ததும் எதிரணிகள் சிரிப்பதை நிறுத்தின. மாதக் கடைசியில் இருபத்தைந்து ஆட்டத்தில் பதினெட்டு வெற்றி. குடோன் படத்தை ஓடகார்ட் தன் கையாலேயே கிழித்தார்.

மே முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம், ஆட்டத்துக்கு முன்னால், உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் நார்மனைப் பேட்டி காண வந்தார்.

"எப்படி சார் சாதிச்சீங்க? ஒரே பனிக்காலத்துல!"

நார்மன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். "எழுதிக்கங்க. அணி கட்டறதுன்னா ஆள் பிடிக்கறது இல்லை, மனுஷங்களைப் படிக்கறது. ரிகோவுக்கு ஒரு துணை வேணும்னு கண்டுபிடிச்சேன். வஸ்காரைக் கொண்டாந்தேன். மச்சினனுங்களுக்குள்ள பகை. தங்கச்சி கல்யாண விவகாரம். வேற மேனேஜரா இருந்தா ரெண்டு பேரையும் விரட்டியிருப்பான். நான் யூடிஸைக் கொண்டாந்தேன். நான் அணியை மட்டும் கட்டல, ஒரு குடும்பத்தையே ஒண்ணு சேத்திருக்கேன்!"

நிருபர் உருகி எழுதினார். அப்போது மார்லிஸ் கதவைத் திறந்தாள். "நார்மன், ரிகோவோட மனைவி வந்திருக்காங்க. டலூத்ல ஆஸ்பத்திரி வேலையை முடிச்சுட்டு இன்னைக்குத்தான் வராங்களாம்."

"ஆஹா, அந்தத் தங்கச்சி!" நார்மன் துள்ளி எழுந்தார். "வஸ்காரைக் கூப்பிடு. அண்ணனும் தங்கச்சியும் கட்டிப் பிடிச்சுக்கறதைப் படம் எடுக்கணும். முதல் பக்கத்துல!"

உள்ளே வந்தவள் ஆறடி உயரம். சோளத்தட்டை நிறத் தலைமுடி, நீலக் கண், இடுப்பில் ஒரு கைக்குழந்தை.

"கிர்ஸ்டன் அல்மோந்தே" என்று கையை நீட்டினாள். "அப்பா மினசோட்டால பால்பண்ணை வெச்சிருக்கார். உங்களைப் பாத்து நன்றி சொல்லணும்னு எத்தனை நாளா நினைச்சிட்டிருக்கேன் தெரியுமா சார்?"

நார்மன் அவள் தலைமுடியைப் பார்த்தார். ஜன்னல் வழியாக மைதானத்தில் நின்ற வஸ்காரைப் பார்த்தார். நிருபரின் பேனா நின்றுவிட்டது.

"நீங்க... வஸ்காரோட தங்கச்சி... ஸ்பானிஷ்..." என்றார் நார்மன்.

"ஸ்பானிஷா? எனக்கு ஒரு வார்த்தைகூட வராது சார். வீட்ல ரிகோவும் நானும் இங்கிலீஷ்லதான் சண்டை போடுவோம், அவங்க மூணு பேரும் ஒரே அணியில சேரணும்னு தவிச்சப்போ அந்தத் தங்கச்சி கதையைக்கூட நான் இங்கிலீஷ்லதான் எழுதிக் குடுத்தேன்!"