தாய்மாமன் சீரில் வந்த வில்லங்கம்

சேசு மரி சூசை துணை

பாபநாசம்
14-3-1997

கலிபோர்னியாவில் குடியிருக்கும் மச்சான் கிளாட்சனுக்கு, பாபநாசத்தில் குடியிருக்கும் அக்காள் புருஷன், பத்திர எழுத்தர் பெரியநாயகசாமி, யாருடைய தூண்டுதலும் இன்றித் தன்னறிவோடு எழுதிக்கொண்ட கடிதம் என்னவென்றால்:

நீங்களும் ஜாய்ஸும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வியாகுல மாதாவை மன்றாடுகிறோம். இங்கே உங்கள் அக்காள் அமலோற்பவத்துக்கு மூட்டுவலி, எனக்கு ரத்தக்கொதிப்பு, மகள் ஜெனிட்டா ஐந்து நாளாக என்னோடு பேசுவதில்லை. மற்றபடி சௌக்கியம்.

உங்கள் ஆபீஸில் கழித்துப் போட்ட ஒர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டரை ஜெனிட்டாவின் எம்.சி.ஏ. ப்ராஜெக்டுக்கு ஆகட்டும் என்று கப்பலில் அனுப்பினீர்களே, அது வந்த அன்றே எனக்கு ஏழரை ஆரம்பம். தாய்மாமன் சீர் வந்திருக்கிறது என்று தெருவே கூடிவிட்டது. பத்தாயம் போன்ற அந்த டிவிப் பெட்டியை நாலு பேர் தூக்கி என் எழுத்து மேஜையில் வைத்தார்கள். அன்று முதல் நான் தரையில் உட்கார்ந்து கிரயப் பத்திரம் எழுதுகிறேன். அமெரிக்கக் கரண்டு வேறு, நம் கரண்டு வேறு என்று எலக்ட்ரீஷியன் மருதையன் ஒரு டிரான்ஸ்பார்மரைக் கொண்டுவந்து மாட்டினான். அது போடும் உறுமலில், பத்திரம் எழுத வரும் கட்சிக்காரர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். போகட்டும், பிள்ளை படிப்பு என்று பொறுத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் ஜெனிட்டா கையைப் பிசைந்துகொண்டு வந்து நிற்கிறாள். "அப்பா, நாம எழுதுறத மெஷினுக்குப் புரியிறாப்ல மாத்துறதுக்கு கம்பைலர்னு ஒண்ணு வேணும். இதுல அது இல்ல. முன்னெல்லாம் கூடவே குடுத்தாங்களாம், இப்ப தனியா வாங்கணுமாம்." உங்கள் அக்காள் அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "ஆட்டுக்கல்ல அனுப்பிட்டுக் குழவிய மறந்துட்டானா எந்தம்பி?" சென்னையில் ஒரு டீலரை போனில் பிடித்து விலை கேட்டேன். சொன்னார். மரியாதைக்கு "யோசிச்சுச் சொல்றேங்க" என்று வைத்துவிட்டேன்.

ப்ராஜெக்டை ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் ஒப்படைக்காவிட்டால் பெண்ணுக்கு ஒரு வருஷம் போய்விடும். இந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் கல்யாணத்தின் மகள் ஸ்ம்ருதி ஒரு சி.டி. தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அண்ணன் வெங்கி பெங்களூரிலிருந்து அனுப்பியது, அதில் கம்பைலர் இருக்கிறது, இனாம் என்றாள். இனாம் என்ற சொல்லைக் கேட்டதுமே தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முப்பத்தைந்து வருஷத் தொழிலில் இனாமாய் வந்த எந்தச் சொத்தும் கோர்ட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று கேட்டதற்கு ஜெனிட்டா ஒரு கதை சொன்னாள். இந்த மாதிரி மெஷின்களை ஓட்டும் யுனிக்ஸ் என்ற புரோகிராமைக் கலிபோர்னியாவில் ஒரு யுனிவர்சிட்டிக்காரர்கள் எடுத்து, விரித்து எழுதி, எழுதியதை மறைக்காமல் டேப்பில் போட்டுக் கேட்ட இடத்துக்கெல்லாம் அனுப்பினார்களாம். ஒர்க்ஸ்டேஷன் கம்பெனிகள் அதை வாங்கி மெஷினில் வைத்து விற்றனவாம். பிறகு உள்ளே இருப்பதை யாரும் பார்க்கக் கூடாது என்று பூட்டி, கம்பைலருக்குத் தனி விலையும் வைத்தனவாம். பார்த்துப் பழகியவர்களுக்கு மனசு கேட்குமா? அதே மெஷின்களில் உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கொன்றாய்ச் சொந்தமாக எழுதி, எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்களாம். "அவங்க பூட்டாம இருந்திருந்தா இது பொறந்தே இருக்காதுப்பா" என்றாள். அதிலும் ஒரு கூத்து. கம்பைலரை எழுதிய மூலப் பிரதி கையில் இருந்தாலும், அதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றத் தயாராய் இன்னொரு கம்பைலர் வேண்டுமாம். வெங்கி அதையும் சேர்த்து அனுப்பியிருந்தான். இது மட்டும் உங்கள் அக்காளுக்கு உடனே விளங்கியது. "பாலு எம்புட்டு இருந்தா என்ன, ஒறமோரு பக்கத்து வீட்லதான வாங்கணும்" என்றாள்.

வேலை மளமளவென்று நடந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். புத்தி கெட்டுப்போய், "இதுக்குப் பத்திரம் எங்கம்மா?" என்று கேட்டேன். காட்டினாள். பொது உரிமம் என்று தலைப்பு. டிக்ஷனரியை வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். மச்சான், இப்படி ஒரு தஸ்தாவேஜை நான் கண்டதில்லை. எழுதிக்கொடுத்தவர் இன்னார், வாங்கியவர் யாரோ! முத்திரைத்தாள் இல்லை, சாட்சி இல்லை, நான்கெல்லை இல்லை. யாரும் நகல் எடுக்கலாமாம், திருத்தலாமாம். திருத்தி இன்னொருவருக்குக் கொடுத்தால், அவருக்கும் மூலப் பிரதியோடு இதே பாத்தியத்தைக் கொடுத்தே தீரவேண்டுமாம். அவர் அடுத்தவருக்கு, அடுத்தவர் அதற்கடுத்தவருக்கு, சந்திரசூரியர் உள்ளவரைக்கும்! சேதாரம் வந்தால் மட்டும் யாரும் பொறுப்பில்லையாம். நம் பெண் இதில் ஒரு இடத்தில் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தியும்விட்டாள், அதை எழுதியவர்களுக்கே அனுப்பவும் போகிறாளாம். இந்தப் பாத்தியத்தைக் காட்டி இன்றைக்கு ப்ராஜெக்டைக் கேட்பவன் நாளைக்கு மெஷினைக் கேட்பான், மறுநாள் மெஷின் இருக்கிற வீட்டைக் கேட்பான். கல்யாணம் பேசும் இடத்தில் வில்லங்கம் உண்டா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? தட்டைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில். ரத்துப் பத்திரம் எழுதலாம் என்று உட்கார்ந்தால் எதிர்க்கட்சி என்று யார் பெயரைப் போடுவது என்றே தெரியவில்லை. இது நடந்துதான் ஐந்து நாள் ஆகிறது. பெண் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துப் பேசுகிறாளே தவிர என்னைப் பார்ப்பதில்லை.

கடைசியாக அவள் பேசியதையும் சொல்லிவிடுகிறேன். ஊரான் எழுதியதை எடுத்தாளுவது திருட்டு என்றேன். எதிர்வீட்டுப் பத்திர எழுத்தர் ஐயாவுவை உதாரணம் காட்டினேன். 'வாய்க்கால் தடம் மாறினாலும் தண்ணீர் பாத்தியம் மாறாது' என்று நான் யோசித்து எழுதிய வாசகத்தை அப்படியே எடுத்துத் தன் பத்திரங்களில் போட்டுக்கொண்டவர் அல்லவா அவர்? பன்னிரண்டு வருஷமாக நாங்கள் பேசுவதில்லை. அதற்கு, பத்திர வாசகங்களை நான் குறித்து வைத்திருக்கும் நோட்டைக் காட்டி உங்கள் மருமகள் கேட்கிறாள்: "உங்க வாசக நோட்ல அந்த ஒண்ணத் தவிர எந்த வரிப்பா உங்க சொந்த வரி?" பெற்ற தகப்பனை! நெஞ்சு ஆறவில்லை, மச்சான்.

ஆகவே நீங்கள் செய்யவேண்டியது: அந்த ஆட்கள் உங்கள் பக்கத்தில்தான் இருப்பார்கள், நேரில் போய், எங்கள் பேரில் எந்தப் பாத்தியமும் இல்லை என்று விடுதலைப் பத்திரம் வாங்கி, மெஷின் செய்த கம்பெனியில் கம்பைலரைச் சுத்தக் கிரயமாக வாங்கி, உடனே அனுப்பவும். தகவலைப் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தின் போனில் சொல்லவும். தவறினால் உங்கள் அக்காள் மகள் படிப்பும் போய், எனக்கு மகளும் இல்லை என்றாகிவிடும்.

தவக்காலத்தில் இதற்கு மேல் புலம்பக் கூடாது. ஆண்டவர் உங்கள் இருவரையும் ஆசீர்வதித்து, வரும் பாஸ்கா நாளில் சமாதானம் தருவாராக. எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைப்பாராக.

இப்படிக்கு,
பெரியநாயகசாமி

பி.கு.: மேலே கண்டது யாவும் ரத்து. கடித உறையை ஒட்டுவதற்கு முன்னால், அவள் கேட்டதற்கு ஒரு பதிலாவது வைத்திருப்போம் என்று வாசக நோட்டை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். எல்லாம் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் நோட்டிலிருந்து எழுதிக்கொண்டது. அவர் யாரிடம் எழுதிக்கொண்டாரோ. சொந்த வரி அந்த வாய்க்கால் வரி ஒன்றுதான். போன மாதம் குடவாசல் ஹமீதா பானு அம்மாளின் நிலத்துக்குத் தண்ணீர் விடமாட்டேன் என்று மேல்மடைப் பங்காளி வாய்க்காலை அடைத்தபோது, கோர்ட்டில் காப்பாற்றியது அந்த வரிதான். அந்தப் பத்திரத்தை எழுதியவர் ஐயாவு. அவர் திருடியிராவிட்டால் அந்த அம்மாள் நிலம் காய்ந்திருக்கும்.

பிறகு பொது உரிமத்தை இன்னொரு தரம் படித்தேன். எல்லாவற்றையும் திருத்தலாம், இந்தப் பத்திர வாசகத்தை மட்டும் திருத்தக் கூடாது என்று தலையிலேயே போட்டிருக்கிறார்கள். எழுதியவர் நம் தொழில் தெரிந்தவர்தான். பீரோச் சாவியை மேஜையில் வைத்துவிட்டேன். விடுதலைப் பத்திரமும் வேண்டாம், கிரயமும் வேண்டாம்.

நோட்டையும் கொண்டுபோய் ஐயாவுவிடம் நீட்டினேன். முதல் பக்கத்தில் ஒரு ஷரத்து எழுதியிருந்தேன்: இதை யார் கேட்டாலும் காட்டவேண்டும், திருத்தினால் திருத்தியதையும் காட்டவேண்டும். இரண்டு தரம் படித்துவிட்டு ஐயாவு கேட்டார்: "எல்லாஞ் சரிங்க, சாட்சி எங்கங்க?" திரும்பிப் பார்த்தால் ஜெனிட்டா பின்னாலேயே வந்து நிற்கிறாள். நோட்டை வாங்கிச் சாட்சிக் கையெழுத்துப் போடத் தன் பேனாவைத் திறந்தாள், ஐந்து நாள் கழித்து என் முகத்தைப் பார்த்தாள். "இந்தப் பேனா எழுதலப்பா, ஒங்களோடதக் குடுங்க" என்றாள்.